எடுக்க ஆறு பேர் இருந்தும் எண் எப்போதும் ‘பிஸி’: அலுவலகத் தொலைபேசியில் அழைப்புகளை வழிப்படுத்துவது குறித்து

கேள்வி: 12 ஜூன் 2023, காலை 9.50

கோயம்புத்தூரில் மோட்டார் பம்பு உதிரிபாகங்கள் விற்கும் ஒரு நிறுவனத்தில் அலுவலகப் பொறுப்பைக் கவனித்து வருகிறேன். ஹண்டிங் முறையில் (ஒன்று பேச்சில் இருந்தால் அழைப்பு அடுத்ததற்குத் தாவும்படி) இணைக்கப்பட்ட 4 லைன்களும், அவற்றை உள்ளே பிரித்துக் கொடுக்கும் ஒரு ஈபிஏபிஎக்ஸ் பெட்டியும் உள்ளன. ஆறு பணியாளர்களுக்கும் ஆளுக்கொரு எக்ஸ்டென்ஷன் உண்டு. அழைப்பு வந்தால் ஆறும் ஒன்றாக அடிக்கும். காலை 10 முதல் 11 வரை எடுத்துப் பேசியவை என்று பெட்டியின் பதிவில் காண்பவை சுமார் 60 அழைப்புகள். சராசரியாக ஒவ்வொன்றும் 3 நிமிடம். இருந்தும் வாடிக்கையாளர்களில் சிலர் எங்கள் எண் எப்போதும் பிஸியாக இருக்கிறது என்கிறார்கள். வேறு சிலர் மணி அடித்துக்கொண்டே இருக்கிறது, எவரும் எடுப்பதில்லை என்கிறார்கள். ‘விலை விவரத்திற்கு 1, பழுதுக்கு 2’ என்று பதிவுக் குரல் சொல்லும் ஐ.வி.ஆர். போட்டுவிட்டால் இரண்டும் தீர்ந்துவிடும் என்று பெட்டி விற்பவர் சொல்கிறார். எனக்கும் அதுவே சரியென்று படுகிறது. மறுப்பவர்கள் இருந்தால் காரணத்தோடு எழுதுங்கள்.

பதில்: 12 ஜூன் 2023, பிற்பகல் 2.15

மறுக்கிறேன். நீங்கள் சொல்லும் இரண்டும் ஒரே நோயின் இரு அறிகுறிகள் அல்ல, இரு வேறு நோய்கள், ஐ.வி.ஆர். இரண்டில் எதற்கும் மருந்தாகாது.

முதலில் ‘பிஸி’யை எடுத்துக்கொள்வோம். 60 அழைப்புகள், ஒவ்வொன்றும் 3 நிமிடம் என்றால் ஒரு மணி நேரத்தில் 180 நிமிடப் பேச்சு, அதாவது 3 எர்லாங் சுமை. ஒரு லைன் ஒரு மணி நேரம் முழுவதும் இடைவிடாமல் பேச்சில் இருந்தால் அது 1 எர்லாங். கோபன்ஹேகன் தொலைபேசி நிறுவனத்தில் பணியாற்றிய ஏ. கே. எர்லாங் என்ற டேனியக் கணிதவியலாளர் 1917இல் வெளியிட்ட சூத்திரத்தில் 3 எர்லாங்கையும் 4 லைன்களையும் இட்டுப் பார்த்தால், வரும் அழைப்புகளில் 20 விழுக்காட்டுக்குச் சற்று மேல் பிஸி டோன் கேட்டுத் திரும்பும் என்று விடை வருகிறது. 180 நிமிடத்தைச் சுமக்க 240 நிமிடம் இருக்கிறதே, போதாதா என்று கேட்பீர்கள். அழைப்புகள் ரேஷன் கடை வரிசைபோல ஒன்றன்பின் ஒன்றாக வருவதில்லை. கல்யாணப் பந்திக்குக் கூட்டம் வருவதுபோல் மொத்தமாக வருகின்றன.

பிஸி டோனை ஒலிப்பது உங்கள் பெட்டி அன்று, தொலைபேசி நிலையம். அந்த அழைப்பு உங்கள் வாசலையே எட்டவில்லை, உங்கள் ஐ.வி.ஆர். குரல் எவ்வளவு இனிமையாக இருந்தாலும் வாசலை எட்டாதவர் காதில் அது விழப்போவதில்லை.

12 ஜூன் 2023, இரவு 10.40

பிற்பகலில் எழுதியதில் ஒரு பெரும் பிழை இருக்கிறது. சாப்பிடும்போதுதான் உறைத்தது.

நீங்கள் கொடுத்த 60 என்பது எடுத்துப் பேசிய அழைப்புகளின் எண்ணிக்கை. நானோ அதை வந்து மோதிய அழைப்புகளின் எண்ணிக்கையாக வைத்துக் கணக்கிட்டுவிட்டேன். பிஸியாகித் திரும்பியவை உங்கள் பெட்டியின் பதிவில் ஏறவே ஏறா. ஆகவே கணக்கைத் தலைகீழாகப் போட வேண்டும்: 4 லைன்களில் 3 எர்லாங் பேச்சு நடந்திருக்கிறதென்றால், வந்து மோதிய சுமை எவ்வளவு? சிறிது சிறிதாக ஏற்றிப் பார்த்தேன். 5 எர்லாங்கில் விடை பொருந்துகிறது. அதாவது உங்கள் எண்ணைத் தேடி வந்தவை ஏறத்தாழ 100 அழைப்புகள், உள்ளே வந்தவை 60, திரும்பியவை 40. பதிவேட்டைப் பார்த்து 12 பேர் திரும்பியிருப்பார்கள் என்று மதியம் எண்ணியிருந்தேன். உள்ளே வந்தவர்களை மட்டும் எண்ணும் பதிவேட்டை நம்பி முடிவெடுக்கக் கூடாது என்று மற்றவர்களுக்குப் பல ஆண்டுகளாகச் சொல்லிவந்தவன் நான்.

13 ஜூன் 2023, காலை 6.20

மேலும் ஒரு திருத்தம். பிஸி டோன் கேட்டவர் கைபேசியை வைத்துவிட்டுப் போய்விடுவார் என்பதே அந்தச் சூத்திரத்தின் அடிப்படை. நம் ஊரில் எவர் அப்படிப் போகிறார்? விடாமல் மீண்டும் மீண்டும் போடுவார்கள். ஆகவே அந்த 40 என்பது 40 மனிதர்கள் அல்லர். பத்துப் பதினைந்து பேரின் பிடிவாதமாகவும் இருக்கலாம். ஆனால் அந்தப் பத்துப் பேரில் கடைசியில் வேறு கடைக்குப் போனவர் எத்தனை பேர் என்பதை எந்தச் சூத்திரமும் சொல்லாது.

13 ஜூன் 2023, மாலை 5.30

இனி இரண்டாவது புகார்: மணி அடிக்கிறது, எவரும் எடுப்பதில்லை.

அழைப்பவர் காதில் கேட்கும் மணியோசை உங்கள் மேசையில் அடிக்கும் மணி அன்று. அதுவும் தொலைபேசி நிலையம் அவருக்காக ஒலிப்பதுதான். உங்கள் கருவி அடித்தாலும் அடிக்காவிட்டாலும், கம்பியே அறுந்து கிடந்தாலும், அவருக்கு ‘ட்ரிங் ட்ரிங்’ கேட்கும். ஹண்டிங்கில் இதுதான் விபரீதம். முதல் லைன் பேச்சில் இருந்தால் நிலையம் இரண்டாவதற்குத் தாவும், அதுவும் பேச்சில் இருந்தால் மூன்றாவதற்கு. மூன்றாவது லைனின் இணைப்பு எங்கேனும் விட்டுப்போயிருந்தால், நிலையத்தின் கண்ணுக்கு அது ‘சும்மா இருக்கும் லைன்’. எனவே அழைப்பை அங்கே இறக்கிவிட்டு மணியும் அடிக்கும். நல்ல நிலையில் காத்திருக்கும் நான்காவது லைனுக்கு அழைப்பு போகவே போகாது. இதே கோளாறு கம்பி ஒட்டிக்கொண்டதால் வந்திருந்தால் நிலையம் அதைப் பேச்சில் இருப்பதாகக் கருதித் தாண்டிப் போயிருக்கும். அறுந்த லைன்தான் அழைப்புகளை விழுங்கும்.

ஒரு மருத்துவமனையில் இதைக் கண்டுபிடிக்க எனக்கு மூன்று நாள் ஆயிற்று. எப்போது போய்ச் சோதித்தாலும் எல்லாம் சரியாகவே இருந்தது. ஏனெனில் கூட்டமில்லாத மதிய வேளையில் போய்ச் சோதித்தேன், அழைப்பு முதல் லைனைத் தாண்டவேயில்லை. நீங்கள் செய்ய வேண்டியது இது: முதல் லைனை வேண்டுமென்றே பேச்சில் பிடித்து வைத்துக்கொண்டு கைபேசியிலிருந்து தலைமை எண்ணை அழையுங்கள், பிறகு இரண்டையும், பிறகு மூன்றையும் பிடித்து வைத்துக்கொண்டு அழையுங்கள். ஒவ்வொரு முறையும் உள்ளே மணி அடிக்கிறதா என்று ஒருவர் நின்று பார்க்க வேண்டும்.

15 ஜூன் 2023, இரவு 8.05

மூன்றாவது லைன் செத்துக் கிடப்பதாகக் கேள்வியாளர் எழுதியிருக்கிறார். மகிழ்ச்சி. ஆனால் என் கணக்கு இப்போது என்னையே முறைக்கிறது: மூன்று லைன்கள்தாம் உயிரோடு இருந்தன என்றால், மணிக்கு 180 நிமிடப் பேச்சு நடக்க மூன்றும் ஒரு நொடிகூட ஓயாமல் பேச்சில் இருந்திருக்க வேண்டும். அது நடக்காத காரியம். ஒன்று அந்த 60 தவறு, அல்லது அந்த 3 நிமிடம் தவறு. எந்த மாதத்துக் கணக்கு அது என்று கேட்டிருக்கிறேன்.

16 ஜூன் 2023, காலை 11.00

கணக்கு ஏப்ரல் மாதத்தது. லைன்மேன் வந்து பார்த்ததில் கம்பத்துப் பெட்டியில் ஓர் இணைப்பு தளர்ந்திருக்கிறது. காற்று பலமாக வீசினால் விட்டுவிடுகிறது. பாலக்காட்டுக் கணவாய்க் காற்று ஏப்ரலில் இல்லை, ஜூனில் இருக்கிறது. ஆக 100க்கு 60 என்ற கணக்கு காற்றில்லாத காலத்துக்குச் சரி. காற்றுக் காலத்தில் நிலைமை அதைவிட மோசம்.

17 ஜூன் 2023, இரவு 9.30

ஆறு கருவிகளையும் ஒன்றாக அடிக்கவிடுவது பற்றி இருவர் கேட்டிருந்தார்கள். நானும் பல இடங்களில் அப்படித்தான் அமைத்துக் கொடுத்தேன், இப்போது கொடுப்பதில்லை. ஆறு மேசையில் மணி அடித்தால் அது எவருடைய மணியும் அன்று. ஒருவர் மற்றவர் முகத்தைப் பார்ப்பார். கடைசியில் இருவர் ஒரே நேரத்தில் எடுப்பார்கள். ஒருவருக்கு வாடிக்கையாளர் கிடைப்பார், மற்றவருக்கு வெறும் டயல் டோன் கிடைக்கும். அடுத்த முறை அந்த மற்றவர் எடுக்க மாட்டார்.

வரிசையாக, முதலில் ஒன்றாவது எக்ஸ்டென்ஷன், அவர் எடுக்காவிட்டால் இரண்டாவது என்று வைத்தால் வேறொரு அநீதி நேரும்: பட்டியலில் முதலில் இருப்பவர் நாள் முழுதும் பேசிக்கொண்டே இருப்பார், ஆறாமவர் தேநீர் குடித்துக்கொண்டே இருப்பார். இவை இரண்டையும்விட, கடைசியாகப் பேசி முடித்து நெடுநேரம் ஆனவர் எவரோ அவருக்கு முதலில் கொடுக்கும் முறை நியாயமானது. இந்தப் பெட்டியின் வேலையைக் கணினியில் செய்யும் அஸ்டெரிஸ்க் மென்பொருளின் வரிசைப் பகுதியில் இது ஆயத்தமாகவே இருக்கிறது. (1999இல் மார்க் ஸ்பென்சர் அதை எழுதத் தொடங்கியதே, தம் சிறு நிறுவனத்துக்கு விலை கொடுத்து ஒரு பி.பி.எக்ஸ். (இதே வகைப் பெட்டி) வாங்கக் கட்டுப்படியாகவில்லை என்பதால்தான்.)

எத்தனை மணி அடித்த பிறகு அடுத்தவருக்குப் போக வேண்டும் என்பதை நொடியில் எண்ணுங்கள். நம் நாட்டு மணி 0.4 நொடி அடித்து, 0.2 நொடி நின்று, மீண்டும் 0.4 நொடி அடித்து, 2 நொடி ஓயும். ஒரு சுற்றுக்கு 3 நொடி. 12 நொடி கொடுத்தால் நான்கு ‘ட்ரிங் ட்ரிங்’. அமெரிக்கக் கையேட்டைப் பார்த்து ‘நான்கு மணி’ என்று அப்படியே எடுத்துக்கொண்டால் அங்கே ஒரு சுற்று 6 நொடி. நம் வாடிக்கையாளரை 24 நொடி காக்க வைத்துவிடுவீர்கள்.

21 ஜூன் 2023, மாலை 7.15

சரி, லைன்களைக் கூட்டினால் தீர்ந்துவிடுமா? 5 எர்லாங்குக்கு 10 லைன் இருந்தால் பிஸியாகித் திரும்புவோர் 2 விழுக்காட்டுக்கும் கீழே இறங்கிவிடுவர். ஆனால் பேசுவதற்கு ஆறு பேர்தாமே இருக்கிறார்கள்? இங்கே எர்லாங்கின் இன்னொரு சூத்திரம், காத்திருப்போருக்கானது, தேவைப்படுகிறது. 5 எர்லாங் சுமைக்கு 6 பேர் என்றால், அழைப்பவர்களில் ஏறத்தாழ 59 விழுக்காட்டினர் காத்திருக்க நேரும். எல்லாருக்குமாகச் சேர்த்துச் சராசரிக் காத்திருப்பு 1 நிமிடம் 46 நொடி. அதுவே 7 பேர் என்றால் காத்திருப்போர் 32 விழுக்காடு, சராசரிக் காத்திருப்பு 29 நொடி. ஒரே ஓர் ஆளால் இத்தனை வேறுபாடு. விளிம்பு வரை நிறைந்த குடத்தில் கடைசிச் சொம்புத் தண்ணீரை எடுத்துவிட்டால் தளும்புவது நின்றுவிடுவதைப் போன்றது இது.

முதலாளியிடம் இதைச் சொல்லும்போது ‘இன்னோர் ஆள் வேண்டும்’ என்று தொடங்காதீர்கள். காலை 10 முதல் 11 வரை மட்டும் கிடங்கிலிருந்து ஒருவர் மேலே வந்து உட்கார்ந்தால் போதும் என்று சொல்லுங்கள்.

22 ஜூன் 2023, காலை 7.00

காத்திருப்பவரும் ஒரு லைனைப் பிடித்துக்கொண்டுதான் காத்திருக்கிறார் என்பதை நேற்று விட்டுவிட்டேன். 6 பேர் என்றால் சராசரியாக மூவர் காத்திருப்பில் இருப்பர். ஆக லைன்கள்மீது 5 அன்று, 8 எர்லாங் சுமை. 10 லைன் போதும் என்பது 7 பேர் இருந்தால்தான் செல்லும். காத்திருப்பவர் இடையில் சலித்து வைத்துவிட மாட்டார் என்ற அனுமானமும் இதற்குள் ஒளிந்திருக்கிறது.

28 ஜூன் 2023, இரவு 10.10

இவ்வளவும் எதற்கு, நல்ல ஆபரேட்டர் ஒருவர் இருந்தால் போதாதா என்று ஒருவர் கேட்டிருக்கிறார். பாதி ஒப்புக்கொள்கிறேன். நான் தொழில் கற்றுக்கொண்ட நூற்பாலையில் ஓர் ஆபரேட்டர் அம்மா இருந்தார். எவர் அழைத்தாலும் குரலைக் கொண்டே அடையாளம் கண்டுகொள்வார். பருத்தி வியாபாரி என்றால் கொள்முதல் பிரிவுக்கும், அதே வியாபாரி கோபமாக இருந்தால் கணக்குப் பிரிவுக்கும் கொடுப்பார். கொடுக்கும்போது வெறுமனே தள்ளிவிட மாட்டார்; உள்ளே இருப்பவரிடம் ‘இன்னார், இன்ன விஷயம்’ என்று சொல்லி, அவர் சரியென்ற பிறகுதான் இணைப்பார். எந்த மென்பொருளிலும் இதைவிடச் சிறந்த வழிப்படுத்தலை நான் கண்டதில்லை. ஆனால் அவர் விடுப்பு எடுத்த நாளில் ஆலை ஊமையாகிவிடும்.

மீதிப் பாதிக்கு ஒரு பழைய கதை உண்டு. அமெரிக்காவின் கான்சஸ் சிட்டியில் சவ அடக்கத் தொழில் செய்துவந்த ஆல்மன் ஸ்ட்ரோஜர், தம்மைத் தேடி வரும் அழைப்புகளை ஆபரேட்டர் போட்டிக்காரருக்குத் திருப்பிவிடுவதாகச் சந்தேகப்பட்டார். அந்த ஆபரேட்டர் போட்டிக்காரரின் மனைவி என்று கதை சொல்வோர் சேர்த்துக்கொள்வார்கள். ஆபரேட்டரே இல்லாமல் இணைப்புக் கொடுக்கும் கருவிக்கு அவர் 1891இல் காப்புரிமை பெற்றார். மறு ஆண்டு இண்டியானா மாநிலத்து லா போர்ட் நகரில் அந்த வகைத் தானியங்கித் தொலைபேசி நிலையம் இயங்கத் தொடங்கியது. தானியங்கி வழிப்படுத்தலின் பிறப்பே, அழைப்பு தவறான இடத்துக்குப் போகிறது என்ற ஒரு வியாபாரியின் எரிச்சலில்தான் இருக்கிறது. 

9 ஜூலை 2023, பிற்பகல் 3.45

இன்று ஞாயிறு, வீட்டுப் பம்பின் மெக்கானிக்கல் சீல் தேய்ந்து தண்ணீர் ஒழுகுகிறது, அதைப் பார்த்துக்கொண்டே என் வாழ்நாள் பிழை ஒன்றை எழுதுகிறேன்.

திருப்பூரில் ஒரு பனியன் நிறுவனத்துக்கு 4 லைன் அமைப்பு. இரவு 8 மணிக்கு மேல் வரும் அழைப்பு முதலாளியின் கைபேசிக்குப் போகட்டும் என்று பெட்டியில் நான் எழுதினேன். எனக்குத் தெரியாமல், கைபேசியில் பேசிக்கொண்டிருக்கும்போது வரும் அழைப்பு அலுவலக எண்ணுக்குப் போகட்டும் என்று முதலாளி தம் கைபேசியில் அமைத்திருந்தார். தனித்தனியே பார்த்தால் இரண்டும் அறிவான ஏற்பாடு. ஒரு நாள் இரவு அவர் தம் மனைவியிடம் பேசிக்கொண்டிருந்தபோது ஒரு வாடிக்கையாளர் அலுவலக எண்ணை அழைத்தார். அழைப்பு முதல் லைனில் வந்தது. பெட்டி நான்காவது லைனை எடுத்து முதலாளியை அழைத்தது. அவர் பேச்சில் இருந்ததால் அந்த அழைப்பு அலுவலக எண்ணுக்கே திரும்பி, ஹண்டிங்கில் இரண்டாவது லைனில் வந்து இறங்கியது. பெட்டி அதைப் புதிய அழைப்பென்று எண்ணி, மூன்றாவது லைனை எடுத்து மீண்டும் முதலாளியை அழைத்தது. நான்கு லைன்களும் நிறைந்தன. ஒரே வாடிக்கையாளர், அவருக்கும் பதில் கிடைக்கவில்லை.

இது இத்தோடு முடியவில்லை. எதிர்முனை வைத்துவிட்டது என்பதைப் பிஸி டோனைக் கேட்டுத்தான் அந்தப் பெட்டி புரிந்துகொள்ள வேண்டும். நம் நாட்டுப் பிஸி டோன் 400 ஹெர்ட்ஸ், 0.75 நொடி ஒலித்து 0.75 நொடி ஓயும். பெட்டியிலோ வேறு நாட்டு அளவு இருந்தது. நான் பார்க்காமல் விட்டிருந்தேன். காலையில் காவலாளி மின்சாரத்தை அணைத்துப் போடும்வரை நான்கு லைன்களும் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு பிஸி டோனைக் கேட்டுக்கொண்டிருந்தன.

10 ஜூலை 2023, காலை 8.20

இணையம் வழியாக அழைப்பைக் கொண்டுசெல்லும் சிப் முறையில் இது நேராதே என்று கேட்டிருக்கிறீர்கள். சிப் அழைப்பு எத்தனை கை மாறலாம் என்பதற்கு ஓர் எண் அதன் தலையிலேயே எழுதப்பட்டிருக்கும், வழக்கமாக 70. ஒவ்வொரு கை மாறும்போதும் ஒன்று குறையும், தீர்ந்தால் 483 என்ற மறுமொழியோடு அழைப்பு மடியும். ஆனால் இந்த நினைவு சிப் எல்லைக்குள் மட்டுமே. பெட்டி பழைய அழைப்பைத் தொடராமல் தானே புதிதாக ஓர் அழைப்பைத் தொடங்கினால், எண்ணும் 70இலிருந்து புதிதாகத் தொடங்கும். ஆகவே கேள்வியாளர் முதலில் தம் முதலாளியின் கைபேசியில் என்ன திருப்பல் இருக்கிறதென்று பார்க்கட்டும்.

24 ஜூலை 2023, இரவு 9.50

வெளியே போகும் அழைப்புகளைப் பற்றி இதுவரை எவரும் கேட்கவில்லை, ஆனால் அவையும் இதே லைன்களைத்தான் தின்கின்றன. உள்ளே வருபவை முதல் லைனிலிருந்து மேலே ஏறுகின்றன என்றால், வெளியே போகிறவை கடைசி லைனிலிருந்து கீழே இறங்க வேண்டும். இரண்டும் ஒரே முனையிலிருந்து தொடங்கினால், மணியின் அந்த 2 நொடி ஓய்வுக்குள் உங்கள் ஆள் லைனை எடுத்து எண்ணைச் சுழற்றத் தொடங்குவார். மறுமுனையில் வாடிக்கையாளர் ‘ஹலோ, ஹலோ’ என்பார். இருவரும் ஒருவரையொருவர் ராங் நம்பர் என்று திட்டிக்கொள்வார்கள்.

அடுத்தது சுழியம். 2021 ஜனவரி 15 முதல், கம்பி லைனிலிருந்து கைபேசியை அழைக்க முன்னால் 0 சேர்க்க வேண்டும் என்பது நாடு முழுவதற்குமான விதி. புதிய எண்களுக்கு இடம் உண்டாக்குவதற்காகக் கொண்டுவரப்பட்ட மாற்றம் அது. அன்று மாட்டுப் பொங்கல். அலுவலகங்கள் மூடியிருந்தன, பெட்டிகள் விடுமுறைத் திருப்பலில் இருந்தன, அந்தத் திருப்பலில் எழுதியிருந்த கைபேசி எண்களுக்கு முன்னால் 0 இல்லை. வெள்ளி, சனி, ஞாயிறு மூன்று நாளும் நான் பார்த்துக்கொள்ளும் இடங்களில் ஒன்றுக்கு வந்த எந்த அழைப்பும் எவரிடமும் போகவில்லை. அறிவிப்பை நான் செய்தித்தாளில் முன்பே படித்திருந்தேன் என்பதுதான் வேடிக்கை. மனிதர்கள் எண்ணைச் சுழற்றுவதை நினைத்தேனே தவிர, பெட்டியும் சுழற்றுகிறது என்பதை நினைக்கவில்லை. திங்கட்கிழமை வேறொரு வகைப் புகார் வந்தது: எஸ்.டி.டி.யைத் தடுப்பதற்காக 0இல் தொடங்கும் எண்கள் பூட்டப்பட்டிருந்த எக்ஸ்டென்ஷன்களிலிருந்து எந்தக் கைபேசியையும் அழைக்க முடியவில்லை.

மூன்றாவது, எக்ஸ்டென்ஷன்களுக்கு 101, 102 என்று எண் கொடுக்கும் பழக்கம். 16 பேர் இருந்தால் 108உம் 112உம் அதற்குள் வந்துவிடுகின்றன. ஒருவர் மயங்கி விழுந்த நேரத்தில் ஆம்புலன்ஸுக்காக 108ஐ அழுத்தினால் கிடங்குப் பொறுப்பாளர் எடுப்பார். 201இல் தொடங்குங்கள், 100, 101, 108, 112 ஆகியவை வெளி லைனுக்கான 0 இல்லாமல் நேரே வெளியே போகும்படி எழுதுங்கள். அமெரிக்காவில் 2013இல் ஒரு விடுதி அறையில் தாய் தாக்கப்பட்டபோது அவருடைய 9 வயது மகள் 911ஐ நான்கு முறை அழுத்தியும் அழைப்பு போகவில்லை; வெளி லைனுக்கு முன்னால் 9 அழுத்த வேண்டும் என்பது குழந்தைக்குத் தெரியவில்லை. அந்தத் தாயின் பெயரால் 2018இல் இயற்றப்பட்ட காரியின் சட்டம், முன்னெண் எதுவும் இல்லாமலே 911 போக வேண்டும் என்கிறது.

16 ஆகஸ்ட் 2023, இரவு 8.30

கேள்வியாளர் 10 அழைப்புகள் வரை தாங்கும் சிப் இணைப்புக்கு மாறியிருக்கிறார். காற்றில் ஆடிய அந்தக் கம்பி லைன்களில் ஒன்றைமட்டும், இணையம் போனால் உதவட்டும் என்று வைத்துக்கொண்டிருக்கிறார். நல்ல முடிவு. தம் வழித்தடத்தை இங்கே எழுதியிருந்தார்: முதலில் முன்மேசையில் இருவருக்கு 12 நொடி, பிறகு நெடுநேரம் பேசாதவருக்கு, பிறகு முதலாளியின் கைபேசிக்கு, பிறகு குரல் அஞ்சல்.

அந்தக் குரல் அஞ்சலை எடுத்துவிடுங்கள். நம் வாடிக்கையாளர் இயந்திரத்திடம் பேச மாட்டார்; வைத்துவிட்டு, மிஸ்டு கால் பார்த்து நீங்களே கூப்பிடுவீர்கள் என்று காத்திருப்பார். முதலாளியின் கைபேசியிலும் ஒரு பொறி உண்டு: ‘தொடர்பு எல்லைக்கு வெளியே உள்ளார்’ என்ற அறிவிப்பை வலையமைப்பு ஒலிக்கும்போது உங்கள் பெட்டிக்கு அது எடுத்த அழைப்பாகவும் தெரியாது, மறுத்த அழைப்பாகவும் தெரியாது, மணி அடிப்பதாகவே நினைத்துக் காத்திருக்கும்.

இத்தனை குறிப்புகளிலும் அழைப்பு முதலில் எங்கே போக வேண்டும் என்பதைப் பற்றியே நானும் அதிகம் எழுதிவிட்டேன். எவரும் எடுக்காத அழைப்பு கடைசியில் எங்கே போய் நிற்கிறது என்பதைத்தான் முதலில் எழுதியிருக்க வேண்டும். அறுந்த லைனில் நின்றது ஒன்று, திருப்பூரில் சுழலில் நின்றது ஒன்று, பொங்கலன்று வெற்றிடத்தில் நின்றது ஒன்று. உங்கள் வழித்தடத்தின் கடைசி வரி ஒரு பட்டியலாக இருக்கட்டும்: எடுக்கப்படாத ஒவ்வோர் எண்ணும் அதில் ஏற வேண்டும், திருப்பி அழைக்கும் வேலை ஒருவர் பெயரில் இருக்க வேண்டும், அழைத்து முடித்தவர் எதிரே கையெழுத்திட வேண்டும். திருப்பி அழைத்தபோது வாடிக்கையாளர் எடுக்காமல், பத்து நிமிடம் கழித்து அவரே கூப்பிட்டால், அந்த அழைப்பு முன்மேசைக்குப் போகாமல் அவரை அழைத்த ஆளிடமே போகும்படியும் எழுதலாம்; இல்லாவிட்டால் ‘எங்கிருந்தோ போன் வந்தது’ என்பார், ‘எங்களில் எவரும் கூப்பிடவில்லையே’ என்பார்கள்.

17 ஆகஸ்ட் 2023, காலை 9.15

ஐ.வி.ஆர். வேண்டவே வேண்டாமா என்று கேட்கிறார். வேண்டுமானால் ஒரே அடுக்கு, இரண்டே தெரிவு, எதையும் அழுத்தாதவர் நேரே ஆளிடம் போகும்படி. மூன்றடுக்குப் பட்டியல் ஒன்றை ஓரிடத்தில் பெருமையோடு அமைத்தேன். பெரும்பாலானோர் எதையும் அழுத்தாமல், பேச்சு முடியட்டும் என்று பொறுமையாகக் காத்திருந்தார்கள்.

24 அக்டோபர் 2023, மாலை 6.00

ஆயுத பூஜைக் குழப்பத்தைக் கேள்வியாளர் நேற்று எழுதியிருந்தார். விடுமுறைப் பட்டியலைப் போன ஆண்டு நாள்காட்டியைப் பார்த்து ஏற்றிவிட்டார். 2022இல் ஆயுத பூஜை அக்டோபர் 4. இந்த ஆண்டு அக்டோபர் 23. ஆகவே இந்த அக்டோபர் 4, புதன்கிழமை, ஆறு பேரும் மேசையில் உட்கார்ந்திருக்க, அவர்களுக்கு வர வேண்டிய அழைப்பெல்லாம் முதலாளியின் கைபேசிக்குப் போயிருக்கிறது. நேற்றோ, பூஜைக்குப் பொரியும் சந்தனமும் வைத்துவிட்டுக் கதவைப் பூட்டிய கடைக்குள் மணி அடித்துக்கொண்டிருந்தது. இரண்டு நாளும் எடுக்கப்படாத எண்கள் பட்டியலில் ஏறியிருந்ததால் எல்லாருக்கும் திருப்பி அழைத்துவிட்டார்களாம். சுதந்திர தினம், காந்தி ஜெயந்தி போன்றவை தேதியோடு நிற்பவை. நகரும் பண்டிகைகளை டிசம்பர் கடைசியில் ஒருவர் உட்கார்ந்து ஆண்டுதோறும் கையால் மாற்ற வேண்டும். இதற்கு வேறு வழி எனக்குத் தெரியவில்லை.

8 நவம்பர் 2023, காலை 11.20

இன்று காலை 10.30க்கு, கூட்ட நேரத்திலேயே, அந்த எண்ணை வாடிக்கையாளனாக அழைத்துப் பார்த்தேன். இரண்டாவது ‘ட்ரிங் ட்ரிங்’ முடிவதற்குள் எடுத்தார்கள், பேசியவர் பொறுமையாகவே பேசினார். என் பம்புக்கான மெக்கானிக்கல் சீல் இருப்பில் இல்லையாம். தீபாவளிக்குப் பிறகு வருமாம்.